கொட்டேஷன் ரெடி, அனுப்பத்தான் கை வர மாட்டேங்குது

ஓரப்பக்கம்:

வணக்கம். இந்தப் பகுதியில் பெரும்பாலும் கடன், சேமிப்பு, வேலை போன கதைகள்தான் வருது. என் பிரச்சினை அதுக்கு நேர் எதிர். கேட்கவே கூச்சமா இருக்கு, யாரும் அடிக்க வராதீங்க.

நான் வீட்டிலிருந்தே புத்தக லேஅவுட் செய்யறவள். கவிதைத் தொகுப்பு, மலர், சொந்தச் செலவில் புத்தகம் போடறவங்களோட வேலை, இப்படிச் சின்னச் சின்னதா. மாசம் ஓடிடும், மிச்சம்னு பெரிசா நிற்காது. சமீபத்தில் ஒரு பதிப்பகத்திலிருந்து மெயில். அவங்களுடைய பாடநூல் வரிசை முழுசையும், பழைய பதிப்புகளைத் திருத்தி மறுபடி கொண்டுவர்றதையும் சேர்த்து, நான் எடுத்துக்க முடியுமான்னு கேட்டிருக்காங்க. ஒரு வருஷத்துக்குக் குறையாத வேலை. இப்ப சம்பாதிக்கறதைப் போல கிட்டத்தட்ட 3 மடங்கு வரும். "கொட்டேஷன் அனுப்புங்க, பேசிக்கலாம்." அவங்க கேட்டது அவ்வளவுதான்.

கொட்டேஷன் அன்னிக்கே போட்டாச்சு. முதல்ல நியாயமான தொகைதான் போட்டேன். ராத்திரி எடுத்துப் பார்த்தா ஜாஸ்தியா தெரிஞ்சது, குறைச்சேன். காலையில இன்னும் கொஞ்சம் குறைச்சேன். அப்புறம் அட்டவணையில எண்கள் ஒழுங்கா நிக்கலைன்னு தசமப் புள்ளிக்கு நேரா அலைன் பண்ணினேன். அடுத்த நாள் ஃபாண்ட் பிடிக்கலை. ஒரு பக்கக் கொட்டேஷனுக்கு, புத்தகம் கட்டற சாஃப்ட்வேரான இன்டிசைன்ல தனியா பேரக்ராஃப் ஸ்டைல் (பத்தியோட எழுத்து, இடைவெளி அமைப்பு) போட்டு வெச்சிருக்கேன்னா பார்த்துக்கங்க. வாங்கிப் பார்க்கப்போறவர் கடைசி வரித் தொகையைத் தவிர எதையும் பார்க்க மாட்டார்னு எனக்கும் தெரியும். மெயில் இன்னும் டிராஃப்ட்லதான் இருக்கு.

இது புதுசும் இல்லை. நல்லதா ஒண்ணு கூடி வரும்போதெல்லாம் எனக்கு ஜுரம் வரும், இல்லாட்டி என் கம்ப்யூட்டருக்கு வரும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைஞ்ச கதை, இதுல தாழியைப் போட்டு உடைக்கறதும் நானேதான்.

தோத்துடுவேனோங்கற பயம் இல்லைங்க. வேலை தெரியும். கிடைச்சுட்டா என்ன ஆகும்னு நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது. யாருக்காவது இப்படி இருந்திருக்கா? எப்படித் தாண்டினீங்க? "தன்னம்பிக்கையோட இருங்க" மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே வேண்டிய அளவு கிடைக்குது.

---

கணக்குப்பிள்ளை:

மேடம், வெற்றி பயம் அது இதுன்னு பெரிய பேர் வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். "கிடைச்சுட்டா என்ன ஆகும்"னு எழுதியிருக்கீங்களே, அந்த "என்ன" எது? ஒரு தாள் எடுத்து வரி வரியா எழுதுங்க. மனசுக்குள்ள வெச்சிருக்கற வரைக்கும் அது பூதம் மாதிரிதான் தெரியும்.

நான் சுயதொழில் செய்யறவங்களுக்குக் கணக்கு எழுதறவன். வருமானம் ஏறப்போற நேரத்துல ஆட்கள் என்கிட்ட வந்து புலம்பறது பெரும்பாலும் இதைத்தான்: வர்றதெல்லாம் வரிக்கே போயிடும். சொந்தக்காரங்க கைமாத்து கேப்பாங்க. ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பார்ட்டி கைவிட்டுட்டா பழைய கஸ்டமரும் இருக்க மாட்டாங்க. ஆள் போடணும், போட்டா அவங்களைக் கட்டி மேய்க்கணும்.

வரி விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன், ஏன்னா இதுல படிச்சவங்களே குழம்பறாங்க. அடுக்கு முறையில வரி போடற எந்த நாட்டுலயும், மேல் அடுக்கோட விகிதம் அந்த வரம்பைத் தாண்டின தொகைக்கு மட்டும்தான். 100 வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம்னு வெச்சுக்கங்க. 100 சம்பாதிச்சா வரி 10, கையில 90. 120 சம்பாதிச்சா முதல் 100-க்கு அதே 10, மிச்சம் 20-க்கு 4. மொத்தம் 14 போக கையில 106. "அடுத்த அடுக்குக்குப் போனா கையில வர்றது குறைஞ்சிடும்"ங்கறது அடிப்படையிலேயே தப்பு. ஒரே ஒரு விஷயம், வருமான வரம்பு வெச்சுக் கொடுக்கற சலுகையோ உதவித்தொகையோ வாங்கறவங்க, வரம்பைத் தாண்டினா அது நிக்குமான்னு பார்த்துக்கணும். அது வேற கணக்கு.

ஒரே பார்ட்டியை நம்பறதுங்கற பயம் நியாயமானது. அதுக்கு மருந்து தைரியம் இல்லை, ஒப்பந்தம். முன்பணம் வாங்குங்க. வரிசை முழுக்க முடிஞ்சதும் பில்லுன்னு ஒத்துக்காதீங்க, புத்தகத்துக்குப் புத்தகம் பில் போடுங்க. பழைய கஸ்டமர்ல மரியாதையா நடந்துக்கிட்ட ஓரிருவரைக் கையை விட்டுடாதீங்க. கூடுதலா வர்ற பணத்துல வரிக்கு உண்டானதை வந்த அன்னிக்கே தனிக் கணக்குல போட்டுடுங்க. மிச்சத்தை ஆறு மாச வீட்டுச் செலவு சேர்ற வரைக்கும் தொடாதீங்க. அது சேர்ந்துடுச்சுன்னா பார்ட்டி போனாலும் தூக்கம் போகாது.

இப்ப எனக்குக் கோவம் வர்ற இடம். தொகையைக் குறைச்சுக் குறைச்சுப் போட்டேன்னு எழுதியிருக்கீங்க. பயந்து ரேட்டைக் குறைச்சா ப்ரூஃப் பார்க்க ஆள் வைக்கப் பணம் இருக்காது. அத்தனையும் நீங்களே செய்யணும், ராத்திரி கண் முழிப்பீங்க, தவறு வரும். எது நடந்துடும்னு பயந்தீங்களோ அதை நீங்களே கொட்டேஷன்ல எழுதிக் கொடுக்கறீங்க. முதல்ல போட்ட தொகையை மறுபடி போடுங்க.

---

நேர்வழி:

எல்லாரும் மேல மேல போயே தீரணும்னு சட்டம் ஒண்ணும் இல்லை. இப்ப இருக்கற வேலையும் நேரமும் பிடிச்சிருந்தா "இப்போதைக்கு இயலாது, நன்றி"ன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க. அது தோல்வியும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஆனா பதிலே சொல்லாம இழுக்கறது சரியில்லை, அவங்களும் ஆள் தேடணும் இல்லையா?

வேணுமா வேண்டாமான்னே தெரியலைன்னா, அந்த வேலையை உங்களுக்குத் தெரிஞ்ச வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்கன்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க. அப்பாடான்னு இருக்கா, இல்ல வயிறு எரியுதா?

---

சைலண்ட்மோட்:

கணக்குப்பிள்ளை சார் சொன்ன கைமாத்து விஷயம் சும்மா இல்லை. நான் பதவி உயர்வு வந்ததை வீட்டில் ரொம்ப நாள் சொல்லவே இல்லை. கென்யாவின் கிராமங்களில் பமேலா ஜகீலா, ஓவன் ஓசியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள், 2016-ல் வெளியானது. பங்கேற்றவர்களிடம் பணம் கொடுத்து, எவ்வளவு முதலீடு செய்வது என்று அவர்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். சிலருடைய முடிவு மட்டும் எல்லோர் முன்னாலும் அறிவிக்கப்படும். உறவினர்கள் அங்கே இருந்தபோது, பெண்கள் தங்களுக்குப் பெரிய தொகை கிடைத்ததை மறைக்கும்படியாக முதலீட்டைக் குறைத்துக்கொண்டார்கள், அதனால் வருமானம் குறையும் என்றாலும்கூட. படித்தபோது என்னைப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

நான் செய்தது: வருஷத்துக்கு இவ்வளவு கொடுப்பேன் என்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டேன். அது தீர்ந்தால் "இந்த வருஷத்துக்கு இல்லை" என்று சொல்ல வாய் வருகிறது. முன்பெல்லாம் வராது.

---

பின்வரிசை:

நான் உளவியல் பாடம் எடுப்பவள். ஓரப்பக்கம், உங்கள் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு.

1968-ல் மடினா ஹார்னர் என்ற ஆய்வாளர் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவிகளிடம் ஒரு வரியைக் கொடுத்து மீதிக் கதையை எழுதச் சொன்னார். முதல் பருவத் தேர்வு முடிந்தபோது, மருத்துவக் கல்லூரி வகுப்பில் ஆன் முதலிடத்தில் இருக்கிறாள். இதுதான் வரி. மாணவர்களுக்கும் அதே வரி, பெயர் மட்டும் ஜான். மாணவிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆனுக்கு ஏதாவது கெட்டது நடப்பதாக எழுதினார்கள். தோழிகள் ஒதுக்கினார்கள், தனியானாள், படிப்பை விட்டாள். ஆன் என்று ஒருத்தி இல்லவே இல்லை, சில மாணவர்கள் கூட்டாக ஒரு பொய்ப் பெயரில் மாறி மாறித் தேர்வு எழுதுகிறார்கள் என்றுகூட ஒரு கதை. ஜானுக்கு அப்படி எழுதிய பையன்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. "வெற்றி பயம்" என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது.

பலர் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பாகம். 1974-ல் வேறு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் செய்தபோது, இரண்டு பெயர்களையும் இரு பாலாருக்கும் கலந்து கொடுத்தார்கள். ஆனைப் பற்றிப் பையன்களும் கசப்பான கதைகளையே எழுதினார்கள். அப்படியென்றால் பயம் அந்தப் பெண்களின் மனசுக்குள் தானாக முளைத்த கோளாறு என்று சொல்ல முடியாது. முந்துகிறவளை ஊர் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதைத்தான் எழுதினார்கள். நீங்களும் ஏதோ ஒன்றைச் சரியாகவே மோப்பம் பிடித்திருக்கலாம்.

இன்னொன்று. 1967-ல் ஹோம்ஸ், ரேஹ் என்ற இருவர் வாழ்க்கை மாற்றங்கள் தரும் அழுத்தத்துக்கு ஒரு அளவுகோல் தயாரித்தார்கள். மொத்தம் 43 நிகழ்வுகள், துணையின் மரணத்துக்கு 100 புள்ளி. மேலதிகாரியோடு தகராறுக்கு 23. பெரிய சாதனை ஒன்று செய்வதற்கு எவ்வளவு தெரியுமா? 28. பண நிலைமை மாறுவதற்கு 38, ஏறினாலும் இறங்கினாலும் ஒரே புள்ளி. நல்லது நடக்கும்போது உடம்பு படபடப்பது உங்கள் குணக்கேடு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு யோசனை மட்டும். ஏன் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியாதவருக்குப் பயம் அதிகம். ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் 1978-ல் செய்த சோதனையில், விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, "பிரமாதமாகச் செய்தீர்கள்" என்று பாராட்டினார்கள். அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், ஒன்று மூளையைத் தீட்டும், மற்றது மழுக்கும் என்று. அப்படிப் பாராட்டப்பட்ட ஆண்களில் பலர் மழுக்கும் மாத்திரையைக் கேட்டார்கள். மறுபடி அதே மாதிரி செய்ய முடியுமா என்று தெரியாதபோது ஒரு சாக்கு தேவைப்படுகிறது. உங்கள் பேரக்ராஃப் ஸ்டைல் மாதிரி. அதனால் பதிப்பகத்தாரிடமே கேட்டுவிடுங்கள்: என் வேலையில் எதைப் பார்த்து என்னை அணுகினீர்கள்?

---

ஓரப்பக்கம்:

எல்லாருக்கும் நன்றி. பேரக்ராஃப் ஸ்டைலையும் மாத்திரையையும் முடிச்சுப் போட்டதைப் படிச்சுச் சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு.

நேர்வழி, நீங்க சொன்ன மாதிரி நெனச்சுப் பார்த்தேன். வயிறு எரிஞ்சது. நல்லாவே எரிஞ்சது. அதனால வேண்டாம்னு எழுதற வழி மூடிடுச்சு.

கணக்குப்பிள்ளை சார் சொன்னபடி தாள்ல எழுதினேன். வரி, ஆள், சொந்தக்காரங்க எல்லாம் எழுதினா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு பதில் எழுத முடிஞ்சது. கடைசியில ஒரு வரி வந்தது, அதை எழுதணும்னு நான் நினைக்கவே இல்லை. "சாருக்குத் தெரிஞ்சா?"

இந்த வரிசையை இத்தனை வருஷம் பண்ணினது எனக்கு வேலை கத்துக்கொடுத்தவர். நான் அவர்கிட்டதான் பக்கம் கட்டக் கத்துக்கிட்டேன். ஒரு பக்கத்தைத் தலைகீழா பிடிச்சுப் பாரு, எழுத்தைப் படிக்காதே, வெள்ளை எங்கே குழி விழுந்திருக்குன்னு பாருன்னு சொல்லுவார். இன்னிக்கும் அப்படித்தான் பார்க்கறேன். அவருக்கு இப்ப கண் சரியில்லை, வேலையைக் குறைச்சுக்கிட்டார்னு கேள்வி. பதிப்பகம் அவர்கிட்ட சொல்லிட்டு என்கிட்ட வந்தாங்களா, சொல்லாம வந்தாங்களான்னு தெரியலை. நான் கேட்கவும் இல்லை. அவர் வாங்கின தொகை எனக்குத் தெரியும். நான் முதல்ல போட்டது அதைவிட ஜாஸ்தி. குறைச்சுக் குறைச்சு எங்க வந்து நிறுத்தியிருக்கேன்னு இப்பத்தான் பார்த்தேன். அவர் ரேட்டுக்கு ஒரு படி கீழே.

---

பின்வரிசை:

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபிராய்ட் 1916-ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆசைப்பட்டது கைகூடும் நேரத்தில் நொறுங்கிப்போகிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். அதில் ஒரு பேராசிரியர் வருகிறார். தன் ஆசானின் இடத்துக்கு வரவேண்டும் என்று பல வருடம் ஆசைப்பட்டவர். ஆசான் ஓய்வு பெற்றார், இவரைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். உடனே இவருக்குத் தயக்கம். எனக்குத் தகுதியில்லை என்று தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொண்டார், கடைசியில் சில வருடங்கள் எந்த வேலையும் செய்ய முடியாத மனச்சோர்வில் விழுந்தார். ஃபிராய்ட் சொல்லும் காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை, ஆனால் ஆளைச் சரியாகப் பார்த்திருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பேராசிரியருக்கு இன்டிசைன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

பழைய_அச்சு:

அம்மா, நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இதற்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் நான் உங்கள் சார் இருக்கும் பக்கத்தில் இருப்பவன்.

என்னிடம் பைண்டிங் கற்றுக்கொண்ட பையன் ஒருவன் தனியாகத் தொழில் தொடங்கினான். என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அவனிடம் போனார். போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, வேலை எங்காவது போகத்தான் வேண்டும். மூன்றாவது மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் எங்கோ என்னைப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டு போனான். நல்லது நடந்த பிள்ளை எதற்காக என்னைக் கண்டு ஒளிய வேண்டும்? அவன் வந்து சொல்லியிருந்தால், அந்த வாடிக்கையாளர் முதுகுப் பட்டை ஒட்டும் விஷயத்தில் எவ்வளவு தொல்லை தருவார் என்று நானே சொல்லிக் கொடுத்திருப்பேன்.

அவரிடம் அனுமதி கேட்காதீர்கள். கேட்டால் அவர் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிடும், அது அவருக்குப் பாரம். தகவலாகச் சொல்லுங்கள். இந்த மாதிரி வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளப் போகிறேன், உங்களுக்கு முதலில் என்னிடமிருந்து தெரியட்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான். அவர் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

தொகையை அவருக்குக் கீழே வைப்பது மரியாதை என்று நினைத்திருக்கிறீர்கள் போல. என்னிடம் கற்ற பையன் என்னைவிடக் குறைத்து வாங்குகிறான் என்று கேள்விப்பட்டால் எனக்குத்தான் அவமானம். ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கவில்லை என்றல்லவா ஆகும்?

---

கணக்குப்பிள்ளை:

ஐயா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்லை. ரேட் மட்டும் பழைய ரேட்டை ஒப்பிட்டுப் போடாதீங்க. அவர் அதைப் பேசி எத்தனை வருஷம் ஆச்சோ, அதுக்கப்புறம் விலைவாசி எங்கேயோ போயிடுச்சு. உங்க மணிநேரம், ப்ரூஃப் ஆளோட சம்பளம், சாஃப்ட்வேர் சந்தா, வேலை இல்லாத வாரங்கள், இதைக் கூட்டி அதுலேருந்து வாங்க.

---

ஓரப்பக்கம்:

அப்டேட் கேட்டு ரெண்டு பேர் தனி மெசேஜ் அனுப்பியிருக்கீங்க, அதனால இங்கேயே எழுதிடறேன்.

சாருக்கு போன் பண்ணினேன். பழைய_அச்சு ஐயா, நீங்க சொன்ன வாக்கியத்தை அப்படியே தாள்ல எழுதி வெச்சுக்கிட்டுத்தான் பேசினேன், இல்லாட்டி "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா"ன்னு ஆரம்பிச்சிருப்பேன். சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போயிடுச்சோன்னு "சார், சார்"னு கூப்பிட்டேன். "இருக்கேன்"னார். பதிப்பகம் அவர்கிட்ட சொல்லவே இல்லையாம். அதுல அவருக்குக் கோவம்தான், அதை மறைக்கவும் இல்லை. எனக்காகச் சந்தோஷப்பட்டாரான்னு கேட்டா எனக்குத் தெரியலை.

அப்புறம் திடீர்னு, "திருத்தம் எத்தனை சுற்றுன்னு எழுதி வாங்கிட்டியா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். அதுக்கப்புறம் பேச்சு நிக்கவே இல்லை. நூலாசிரியர்கள் ப்ரூஃப் கட்டத்துல பத்தி பத்தியா புதுசா எழுதுவாங்க, பத்தி ஓடி அத்தியாயம் முழுக்கப் பக்க எண் மாறும், பொருளடக்கம், சொல்லடைவு எல்லாம் திரும்பக் கட்டணும், அதுக்கெல்லாம் அவர் தனியா காசு கேட்டதே இல்லையாம். ரெண்டு சுற்றுக்கு மேல போனா பக்கத்துக்கு இவ்வளவுன்னு போடுன்னு சொன்னார். நான் முதல்ல போட்ட தொகையைச் சொன்னேன். "சொல்லடைவைச் சேர்த்தா?"ன்னு கேட்டார். சேர்த்துத்தான்னேன். "அதைத் தனியா போடு."

படபடப்பு போச்சான்னா, போகலை. அனுப்பறப்போ விரல் ஜில்லுன்னுதான் இருந்தது. கொட்டேஷனை வெறும் வேர்டு ஃபைலா, அவங்க சிஸ்டத்துல எந்த ஃபாண்ட் வருமோ அதுலயே அனுப்பிட்டேன். பின்வரிசை சொன்ன கேள்வியையும் கீழே சேர்த்தேன். பதில் வந்தது: தொகை அதிகம்னு முனகல், திருத்தச் சுற்றுக்குச் சம்மதம், முன்பணம் பத்திப் பேசலாம்னு. என்னை ஏன் அணுகினாங்கங்கற கேள்விக்கு ஒரே வரி. நான் கட்டின ஒரு கவிதைப் புத்தகத்துல வரி எங்கேயும் அசிங்கமா உடையலையாம்.

அடுத்த வாரம் நேர்ல பேசணும். கணக்குப்பிள்ளை சார், முன்பணம் எத்தனை சதவீதம் கேட்டா மரியாதையா இருக்கும்? அப்புறம் எல்லாருக்கும் ஒரு கேள்வி: பழைய பதிப்புகளோட ஃபைலெல்லாம் யூனிகோடு வர்றதுக்கு முந்தின என்கோடிங்லதான் (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கற பழைய முறை) இருக்குன்னு சார் சொல்றார். அட்டவணை கலையாம மாத்தித் தர்ற கன்வர்ட்டர் யாராவது பயன்படுத்தியிருக்கீங்களா? அதுக்குத் தனி இழை ஆரம்பிக்கணும்னா சொல்லுங்க, அங்கே வர்றேன்.